இடது எல்லையில் கிடந்த கையுறை

அந்த வருஷம் எங்கள் பேஸ்பால் அணி கடைசி இடத்தில் கிடந்தது. ஒஹாயோவில் எந்த மைதானத்துக்குப் போனாலும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கஸ் ரைன்ஹோல்ட்டின் வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்களோடு அடிக்கடி மோதும் அணியில் அவனும் என்னைப் போலவே இடது எல்லையில் பந்து பிடிக்க நிற்பவன். பந்தடிக்கப் போகும்போது கையுறையைப் புல்லிலேயே போட்டுவிட்டுப் போவது அந்தக் காலத்தில் எல்லா அணிகளிலும் வழக்கம். அதனால் அவர்களோடு ஆடும்போதெல்லாம் என்னுடையது அவன் காலடியில்தான் கிடக்கும்.

"ஏம்பா, இது கையுறையா, சல்லடையா?" என்பான்.

செப்டம்பரில் கடைசி ஆட்டம், கஸ்ஸின் அணியோடு. என் கையுறையின் கிழிசல் வழியே பந்து நழுவி, இரண்டு ரன் போயிற்று. அடுத்த முறை நான் களத்துக்கு வந்தபோது என் கையுறையைக் காணோம். அவனுடையதுதான் கிடந்தது. இந்தக் கிண்டலுக்கும் ஒரு அளவில்லையா என்று திட்டிக்கொண்டே அதை மாட்டிக்கொண்டேன்.

அவர்கள் அணியில் இரண்டு பேர் ஆட்டமிழந்த பிறகு கஸ் அடிக்க வந்தான். பந்து உயர எழும்பி என் பக்கம் வந்தது. ஓடிப் பிடித்துவிட்டேன்.

மூன்றாவது ஆளும் போனதால் அணிகள் இடம் மாறும்போது கஸ் எதிரே வந்தான்.

"என் கையுறையாலயே என்னைப் பிடிச்சிட்டியேடா, பாவி. இந்தா உன்னோடது, தெச்சாச்சு. இனிமே எதச் சொல்லி உன்னக் கிண்டல் பண்றதுன்னுதான் தெரியல."

ஷூ கயிற்றால் நெருக்கமாகத் தைத்திருந்தான். அவனுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தேன். ஒரு ஷூ தளர்ந்து தப்தப்பென்று அடிக்க, அவன் தன் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.