அக்கரையில் ஒரு சிவப்புச் சால்வை

இந்தக் கரைக்கும் கேரன் என்றுதான் பெயர். அந்தக் கரைக்கும் கேரன்தான். நடுவில் எல்லைக்கோடாக ஓடுகிற ஆற்றுக்கு மட்டும் இரண்டு அரசாங்கங்களும் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தன. விழுந்தால் எந்தப் பெயரிலும் சாகலாம்.

நூர்ஜான் செத்துப்போனதை அக்கரைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது. இக்கரையில் அவள் தம்பி லால் தீன், மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி கேட்டார். சண்டை மூண்ட வருஷம் புருஷனோடு ஆற்றைத் தாண்டிப் போனவள். அதன்பின் அக்காவை அவர் பார்த்ததெல்லாம் வெள்ளிக்கிழமைகளில், ஒரு சிவப்புப் புள்ளியாக. தம்பிக்குத் தூரப்பார்வை மங்கல் என்று சிவப்புச் சால்வை போர்த்திக்கொண்டுதான் கரைக்கு வருவாள். சிவப்பு கையாட்டும். இவரும் ஆட்டுவார். குடும்பம் என்று மிஞ்சியது அவ்வளவுதான்.

செத்தவர்களை அடக்கத்துக்கு முன் கரைப்பாறையில் கிடத்தி, முகத்தைத் திறந்து எதிர்க்கரைச் சொந்தங்களுக்குக் காட்டுவது இங்கே வழக்கம். அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். லால் தீன் காவல் சாவடிக்கு ஓடினார்.

"அந்த பைனாகுலர ஒரு நிமிஷம் குடுப்பா."

"கூடாது சாச்சா. அது எதிரியப் பாக்கறதுக்கு," என்றான் சிப்பாய்.

"எங்க அக்காப்பா."

கூடவே ஓடிவந்த டீக்கடை ஹபீப் சொன்னார்: "குடுத்துடு தம்பி. வாசல்ல நிக்கிற எருமையையே மாமியார்னு நினைச்சு சலாம் வைக்கிற ஆளு இவரு."

சிப்பாய் அதிகாரியின் கூடாரத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். "சட்டுனு பாத்துட்டுக் குடுத்துடணும்."

லால் தீனின் கண் பழக்கதோஷத்தில் சிவப்பைத் தேடியது. கிடைத்தது. சால்வைக்குள் அதே மூக்கு, அதே நெற்றி, ஆற்றைத் தாண்டின அன்றிருந்த அதே வயசு. அக்கா கொஞ்சமும் மாறவில்லை. அவர் கையை ஆட்டினார்.

சிவப்பு பதிலுக்கு ஆட்டவில்லை. அழுதது. காலடியில் இருந்த பாறையைக் காட்டிக் காட்டி அழுதது.

"யோவ் லால் பாய், அது உங்க அக்கா மகய்யா!" என்று கத்தினார் ஹபீப். "மாமனுக்கு இடம் தெரியட்டும்னு ஆத்தா சால்வையப் போத்திட்டு நிக்குது. கீழ பாருய்யா, கீழ!"

பைனாகுலரைப் பாறைக்கு இறக்கினார். வெள்ளைத் துணியால் முகத்தை மூடித் தலைமாட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் தூக்கினார்கள்.

சிப்பாய் கையை நீட்டினான். "பாத்தாச்சா சாச்சா?"

"பாத்தாச்சுப்பா," என்றார் லால் தீன். "அப்படியேதான் இருக்கா."