கேப்ஸ் லாக் அழிக்காத வரி

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. எங்கள் வீட்டு லினக்ஸ் லேப்டாப் நேற்று தன்னைப் புதுப்பித்துக்கொண்டு தொலைத்ததே, அதில் பிறந்தது.

போன வருஷம் என் கணவர் கொட்டிய டீயில் கீபோர்டின் வலது மூலை செத்துப்போனது. அழிக்கும் விசைகள் இரண்டும் அங்கேதான். அவர் ஏதோ ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி, யாருக்கும் உபயோகமில்லாத கேப்ஸ் லாக்கை அழிக்கும் விசையாக மாற்றிக்கொடுத்தார். அதில்தான் என் எழுத்துப் பிழைப்பு ஓடியது. இன்று காலை அது மறுபடி வெறும் கேப்ஸ் லாக். எழுதலாம், அழிக்க முடியாது. ஆகவே கீழே அரைகுறையாக நிற்கும் வாக்கியங்களைப் பார்த்து, ஏதோ உத்தி என்று மெச்சிக்கொள்ளாதீர்கள்.

2

அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கழுத்தில் ஒரு கட்டி. போன வாரம் ஊசியால் திசு எடுத்தார்கள், இன்று முடிவு சொல்வார்கள். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ வந்தா டாக்டரையே அழ வெச்சிருவ. அக்காவக் கூட்டிட்டுப் போறேன். நீ உக்காந்து கீபோர்டச் சரி பண்ணு."

கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பக்கத்து சீட்டில் பதறுகிறவர்களைச் சமாளிப்பது அவருக்குத் தொழில். என் கை சும்மா இருக்குமா? கதை ஆரம்பித்தேன்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை

(எத்தனை கதைதான் மழையில் நனையும்?)

அவள் ஒரு ஆசிரியை, இல்லை, தையல்

அவள் கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கதைக்கு ஒரு துக்கம் வேண்டுமே என்று கை போன போக்கில் அடித்துவிட்டது. படித்ததும் பழக்கத்தில் கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். குட்டி விளக்கு எரிந்தது, வரி அசையவில்லை. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் இன்றைக்கா? அவர் வருவதற்குள் இதை அழித்தாக வேண்டும்.

3

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பலனில்லை. அமைப்புகளில் மொழி சரி, தமிழ் சரி. இணையத்தில் எவருக்கோ இதே தொல்லை. அவரே கீழே, 'சரியாகிவிட்டது, நன்றி' என்று போட்டிருந்தார். எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. நாசமாய்ப் போக. (வேண்டாம், இன்று யாரையும் சபிக்கக்கூடாது. நன்றாக இருக்கட்டும்.)

இன்னொரு மகராசி விளக்கியிருந்தார். புதிய பதிப்பில் கீபோர்டைக் கவனிப்பதே வேறொரு ஏற்பாடு. பழைய கோப்பை அது திரும்பிக்கூடப் பார்க்காது. 'ட்வீக்ஸ்' என்ற செயலியை நிறுவி, கீபோர்ட், கூடுதல் விருப்பங்கள், கேப்ஸ் லாக் என்று உள்ளே உள்ளே போனால், 'இன்னொரு அழிப்பு விசை' என்று ஒரு தேர்வு. தொட்டேன். ஓர் எழுத்தை அடித்து அழித்துப் பார்த்தேன். போயிற்று. அழுகையே வந்துவிட்டது.

அந்த வரிக்குப் போய் விரலை வைத்தேன். 'ஆகியிருந்தது' போகும், 'இறந்து' போகும், அடுத்து 'கணவர்' என்ற சொல்லும் போகும். அதை என் கையால் எப்படி

வாசல் கதவு திறந்தது.

4

"ஒண்ணுமில்லையாம். வெறும் கொழுப்புக் கட்டி" என்றார்.

நான் லேப்டாப்பை அப்படியே விட்டு எழுந்து ஓடினேன். "ஃபோன் பண்ணிச் சொல்லுடான்னேன், நேர்லதான் சொல்வேன்னு அடம்" என்றார் பின்னால் வந்த நாத்தனார்.

அதற்குள் அவர் திரையைப் படித்துவிட்டார்.

"என்னக் கொன்னுட்டியா?"

"கதைலங்க. அழிக்க முடியல, காலைலேர்ந்து போராடுறேன்."

"மவுஸால இழுத்து வெட்டியிருக்கலாமே?"

வெட்டியிருக்கலாம். சத்தியமாகத் தோன்றவே இல்லை.

நாத்தனார் சிரித்து முடிக்க நேரமாயிற்று. "நேத்து அப்டேட்ட அழுத்தினதே இவன்தான்மா. 'அவ கைக்கு ஒரு வேலை வேணும்க்கா, இல்லேன்னா பயந்தே செத்துருவா'ன்னான்."

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

5

இனி முடிவு. தையற்காரியின் கணவரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது அந்த வரியையே எடுத்துவிடலாம். அவரிடமே கேட்டேன்.

"இருக்கட்டும் விடு. நான்தான் உயிரோட உக்காந்து படிச்சிட்டேன்ல?"

எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை. உங்கள் கீபோர்டில் அழிக்கும் விசை வேலை செய்தால் நீங்களே அழித்துக்கொள்ளுங்கள். 'கணவர்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.