பூட்டு என்ற பெண்ணைப் பற்றி வாசகர்கள் சொன்னவை

1

இந்தக் கதைக்கு விதை போட்டது ஒரு வாசகர் கருத்து. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து, ‘அந்தப் பெண்ணைச் சாகடித்துத் தொலையுங்கள்’ என்று முடிந்த கருத்து.

நான் சிறுவர்களுக்கு எழுதுகிறவள். மந்திர சக்தியுள்ள பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றைப் பற்றி வரிசையாகப் புத்தகங்கள் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் வைத்திருக்கலாம். அதில் ஒருவன் மழையை நிறுத்துவான், ஒருத்தி சுவருக்குள் நடப்பாள். ‘பூட்டு’ என்று மற்றவர்கள் கூப்பிடும் ஒருத்தி வாயே திறக்க மாட்டாள். ஆனால் எதிரில் இருப்பவர்கள் சொல்ல வந்து விழுங்கியதெல்லாம் அவள் காதில் விழும்.

கடைசிப் புத்தகத்தில் பூட்டு சாக வேண்டுமா, வேண்டாமா? கதை அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் புத்தகத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

பதிப்பகத்தின் கூட்ட அறையில், நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு சிறுமியின் சாவைப் பற்றி அவர்கள்

விட்டுவிட்டேன். துப்பறியும் கதை வாடை அடித்தது. அடுத்தது:

என் மகள் வீட்டுக்குள் வாய் ஓயாமல் பேசுவாள், வாசலைத் தாண்டினால்

இதையும் விட்டேன். கை நடுங்கியது. [நடுக்கம் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஜாக்கிரதையாக இருங்கள்.]

சரி, நேராகவே சொல்கிறேன். எங்கள் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிய புத்தகத்துக்கு முன்னால் வாசகர் கருத்துகளை எல்லாம் அச்செடுத்து, ஒருவர் மாற்றி ஒருவராக உரக்கப் படிப்பார்கள். படித்து முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. நல்ல வழக்கம் என்று நானே பேட்டிகளில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

3

கடைசிப் புத்தகத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் படித்ததில் சில:

‘மழைக்காரன் சூப்பர். என் பையன் குளிக்கும்போதெல்லாம் கையை நீட்டி ஷவரை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறான்.’

‘இரண்டாம் புத்தகத்தில் தலைமை ஆசிரியைக்கு இடது கண் தெரியாது, நான்காம் புத்தகத்தில் வலது கண். எழுதியவருக்கு எந்தக் கண்?’ [நியாயமான கேள்வி.]

‘பூட்டு வந்தாலே கதை நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் அவள்மேல் பாவம் வரவேண்டும் என்று ஆசிரியர் துடிக்கிறார். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.’

‘ஏதாவது பேசித் தொலையக் கூடாதா?’

கடைசியாக அந்த ஒற்றை நட்சத்திரம். எழுதியவர் பெயர் ‘கடைசி பெஞ்ச்’. அதே ஆள் ஒவ்வொரு புத்தகத்தின் கீழும் பூட்டைக் கொல்லச் சொல்லி எழுதியிருந்தார். பதிப்பாசிரியர் அதை எனக்காகக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் படித்தார்:

‘மூன்றாம் புத்தகத்தில், சலவை அறையில் இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காமல், பூட்டு “உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்” என்று சொல்லிப் பழகுகிறாளே, அதோடு அவளை முடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவளை இழுத்துக்கொண்டு போவது கொடுமை. சாகடித்துத் தொலையுங்கள்.’

“இந்த ஆளு புத்தகத்தையே படிக்கல மேடம்,” என்றார் பதிப்பாசிரியர். “அப்படி ஒரு இடமே இல்லையே. கீழ எல்லாரும் கழுவிக் கழுவி ஊத்தியிருக்காங்க.”

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இடம் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் நான் எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரே ஒருத்திக்குத்தான் படித்துக் காட்டியிருந்தேன்.

4

இனி மகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

சின்ன வயதில் அவள் வீட்டுக்கு வெளியே பேச மாட்டாள். பள்ளியில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்கக்கூட வராது. வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, அது சுற்றுகிற சத்தத்தில் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லிப் பழகுவாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். அழுவேன். பிறகு போய் எழுதுவேன்.

அப்படிப் பிறந்தவள்தான் பூட்டு. ஒவ்வொரு அத்தியாயத்தையும் மகளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவேன். அச்சான புத்தகத்தை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. ஏற்கெனவே கேட்டதுதானே என்பாள். அதனால்தான் எது புத்தகத்தில் இருக்கிறது, எது இல்லை என்று அவளுக்குத் தெரியாமல் போனது.

இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. நன்றாகவே பேசுகிறாள். அதைப் பற்றி நான் எதுவும் எழுதியதில்லை. [இந்த வாக்கியத்தை எழுதும்போதுதான் எனக்கே அது உறைக்கிறது.]

5

அன்று சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“கடைசி பெஞ்ச் நீதானே?” என்று கேட்டேன்.

மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். “எப்படித் தெரிஞ்சுது?” என்றாள்.

“அந்தச் சலவை அறை சீன் புத்தகத்துல இல்ல.”

“எடுத்துட்டியா?”

“நான் படிச்சுக் காட்டினப்ப நீ பாதியில எழுந்து போயிட்ட. மனசு கேக்கல.”

“அதை எடுத்த. அவளை எடுக்கலையே.”

கோபம் வந்தது எனக்கு. பெற்ற பிள்ளையே முகமூடி போட்டுக்கொண்டு வந்து கல்லெறிந்தால் யாருக்குத்தான் வராது?

“உனக்கு என்னடி குறை அதுல? எத்தனை பேரு அவளை நினைச்சு அழுதிருக்காங்க தெரியுமா?”

“அதான்மா குறை.” நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். “நான் நாள் முழுக்கப் பேசுறேன். அடுத்தது யாரு, உள்ள போங்க, வாயைக் கொப்புளிச்சுக்குங்கன்னு தொண்டை கட்டுற வரைக்கும் பேசுறேன். நேத்து ஒரு குட்டிப் பொண்ணு வந்துச்சு. என்னைப் பார்த்துட்டு அவங்க அம்மாகிட்ட, ‘இவங்கதான் பூட்டா? பேசுறாங்களே’ன்னு கேக்குது. அது மூஞ்சியைப் பார்க்கணுமே. ஏதோ நான் ஏமாத்திட்ட மாதிரி.”

ஒரு பேட்டியில், இவள்தான் பூட்டு என்று மகளின் போட்டோவைப் பெருமையாக நீட்டியது யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

“சரி விடு,” என்றேன். “கடைசி அத்தியாயத்துல எல்லார் முன்னாடியும் அவளைப் பேச வச்சிடுறேன்.”

“வேண்டாம். அப்புறம் என்னைப் பேச வச்சதும் நீதான்னு ஆயிடும்.”

அவள் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“கொன்னுடும்மா,” என்றாள், கொஞ்சம் கெஞ்சலாக. “ரெண்டு நாள் அழுதுட்டு எல்லாரும் விட்டுடுவாங்க.”

அப்போதும் எனக்குள் ஒருத்தி, இந்த வசனம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தாள்.

6

மறுநாள் பதிப்பாசிரியர் கூப்பிட்டார். குரலிலேயே உற்சாகம் வழிந்தது.

“நல்ல சேதி மேடம். அந்தக் கடைசி பெஞ்ச் திட்டித் திட்டியே பூட்டுக்குப் பெரிய கூட்டம் சேர்த்துட்டாரு. அவளுக்காகச் சண்டை போடவே புதுசா புத்தகம் வாங்குறாங்க. அவளை மட்டும் வச்சு ஒரு தனி வரிசை போடலாம்னு மேல முடிவாயிடுச்சு.”

“அவ செத்துட்டா?”

“செத்துட்டா எப்படி மேடம் வரிசை போடறது?” என்று சிரித்தார். “அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிடணும்.”

மகளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். முதலில் சிரித்தாள். பிறகு, கூட வேலை பார்க்கிற பெண் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்றும், ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விடப்போவதாகவும் சொன்னாள்.

“எத்தனை நாளைக்கு?”

“நீ முடிவு பண்ற வரைக்கும்னு சொன்னா, அதுவும் உன் கையில போயிடும். தெரியலம்மா.”

7

ஞாயிறுக்குள் கடைசி அத்தியாயத்தை மூன்று விதமாக எழுதினேன்.

ஒன்றில் பூட்டு சாகிறாள். எழுதும்போது தேம்பித் தேம்பி அழுதேன். அழுதுகொண்டே, பரவாயில்லை, நன்றாக வந்திருக்கிறதே என்றும் நினைத்தேன். என்னைப் பற்றி எந்த வாசகரும் இதைவிட மோசமாகச் சொன்னதில்லை.

இன்னொன்றில் பேசுகிறாள். கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் ஒரு காலையில் அவள் இடம் காலியாக இருக்கிறது. ஏன், எங்கே என்று யாருக்கும் தெரியாது. மழைக்காரன் இரண்டு தடவை கேட்கிறான், பிறகு பாடம் தொடங்கிவிடுகிறது. நீங்கள் புத்தகத்தைச் சுவரில் அடிப்பீர்கள். பதிப்பகம் எங்கே போனாள் என்பதையே புதிய வரிசையாகப் போடச் சொல்லும். போட மாட்டேன் என்று சொல்லும் தெம்பு எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

எதை அனுப்பினேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. வேறு ஒன்றுதான் என்னை அரிக்கிறது. தன்னைப் பற்றி எழுதாதே என்று கேட்டவளைப் பற்றி இதோ இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். நீங்கள் கேட்கும் முன் நானே கேட்டுக்கொள்கிறேன்: உனக்கு வெட்கமாக இல்லையா?

இருக்கிறது.

8

ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டில்மேல் பையை வைத்துத் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஜிப்பில் ஒரு சட்டையின் கை சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. போய் உதவியிருக்க வேண்டும். நான் வாசற்படியில் நின்று, அந்தச் சட்டைக்கை இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று

“எழுதுற, இல்ல?” என்றாள் நிமிராமலே.

“இல்லடி.”

“சின்ன வயசுலேர்ந்து இந்த மூஞ்சிக்கு எதிர்லதான் உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?”

பக்கத்தில் போய் உட்கார்ந்து பையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தாள். ஜிப் மூடிக்கொண்டது. போகாதே என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லிவிட்டால் அவள் முகம் எப்படி மாறும் என்று கவனிப்பேன் என்று பயந்து சொல்லாமல் இருந்தேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தேன். படியில் இறங்கும்போது அவள்

அவள் எப்படி இறங்கினாள், திரும்பிப் பார்த்தாளா, என்ன சொன்னாள் எல்லாம் நான் பார்த்தேன், கேட்டேன். எழுதப்போவதில்லை. முடிவு வேண்டும் என்பவர்கள் உங்கள் மனதுக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளுங்கள். பல்லைக் காட்டும் சாக்கில் அங்கே போய் அவளிடம் மட்டும் கேட்காதீர்கள்.