ஐம்பத்தெட்டு சதவீதம்

இன்னும் பத்தே வருஷத்தில் நாட்டின் கடைசி மின்கம்பத்தைப் பிடுங்கி அருங்காட்சியகத்தில் நட்டுவிடுவார்கள், அந்த விழாவுக்குத் தலைமை தாங்கத் தான் நேரம் ஒதுக்கவேண்டியிருக்கும் என்று சுரேந்தர் யாகூப்பிடம் சொன்னான். சொல்லும்போது அவன் அப்பாவின் கட்டிலுக்கடியில் குப்புறக் கிடந்து, ஆக்ஸிஜன் மிஷினின் பிளக்கைத் தன் பேட்டரி போர்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். தலையில் ஒட்டடை.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணி முதல் நான்கு மணிவரை சோமனூரில் மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தது. அப்பா கந்தப்பனுக்கோ மிஷின் இல்லாமல் அரை மணி நேரம்கூட ஓடாது. தறிக்குடோனில் முப்பது வருஷம் பஞ்சுத்தூசி இழுத்த நெஞ்சு. அதனால் அம்மா சென்னியம்மாள் மகனிடம் சொல்லாமலே, இரண்டு வீடு தள்ளி ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் யாகூப்பை வரச்சொல்லியிருந்தாள். அவரும் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

டீசலைக் கொளுத்திக் கரண்ட் எடுப்பது விறகடுப்பில் செல்போன் சார்ஜ் போடுவதற்குச் சமம் என்று சுரேந்தர் விளக்கினான். யாகூப் மறுக்கவில்லை. ஜெனரேட்டரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, "இருக்கட்டுமுங்க அக்கா, சும்மா நிக்கட்டும்," என்று சென்னியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சுரேந்தர் இஞ்சினியரிங் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களின் பேட்டரிகளைப் பிரித்து, நல்ல செல்லாகப் பொறுக்கி, ஓர் அலமாரி நிறைய அடுக்கி, குடோன் கூரைமேல் சோலார் தகடுகளோடு இணைத்திருந்தான். இதற்கு முந்தைய திட்டம் வறண்ட கிணறு. பகலில் சூரியனை வைத்துப் பத்து டன் கல்லை மேலே தூக்குவது, ராத்திரி அதை நூறடி இறக்கிக் கரண்ட் எடுப்பது. கந்தப்பன் படுத்தபடியே கேட்டார், எத்தனை வரும் என்று. சுரேந்தர் கணக்குப் போட்டான். ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் கம்மி.

"பத்து டன்னு கல்லத் தூக்கி, ஒரே ஒரு தறிய ஒரு மணி நேரம் ஓட்டறதாடா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அன்றைக்கு டாக்டர் வரவேண்டியதாயிற்று. கிணற்றுத் திட்டம் அத்தோடு நின்றது.

ஒன்பது மணிக்கு ஊரெல்லாம் தறிச்சத்தம் ஒரே நேரத்தில் அடங்கியது. மிஷின் மட்டும் நிற்காமல் உறுமியது. கந்தப்பன் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்து, "எத்தன இருக்குது?" என்றார்.

"தொண்ணூத்தாறு சதவீதம்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். பாராட்டு என்றே சுரேந்தர் எடுத்துக்கொண்டான்.

வீட்டு லைனும் அதே பேட்டரியில்தான் ஓடியது. சென்னியம்மாள் வீடு முழுக்கப் போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துவந்தாள். ஃபேன், ஃபிரிட்ஜ், சாமிப்படத்துக் குட்டி பல்பு எல்லாம். குடத்துத் தண்ணீர் மாதிரி பேட்டரிக் கரண்டைப் பிடித்துப் பிடித்துச் செலவழிக்கிறாயே, சூரியன் என்ன பில்லா அனுப்பப்போகிறார் என்று சுரேந்தர் கேட்டான். ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குக் காத்து என்று சொல்லிவிட்டு அவள் பாத்ரூம் லைட்டையும் அணைத்தாள். அவளுடைய இந்த நோயை நண்பர்களிடம் நடித்தே காட்டியிருக்கிறான்.

ஒரு மணிக்கு மேல் மேகம் மூடியது. தகடுகளில் படிந்த பஞ்சைத் துடைத்தால் கொஞ்சம் கூடும் என்று ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினான். துடைத்துவிட்டு இறங்கி உள்ளே வந்தபோது வீடு அமைதியாக இருந்தது.

அமைதியாக இருக்கக் கூடாது என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. மிஷின் நின்றிருந்தது. பச்சை விளக்கு இல்லை. அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மாவைக் காணோம். அப்பாவின் கையைத் தொட்டான். பிறகு ஓடிப்போய் அலமாரியைப் பார்த்தான். ஐம்பத்தெட்டு சதவீதம்.

காலியாகியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாதிக்குமேல் இருந்தும் மிஷினுக்குப் போகவில்லை என்றால் கோளாறு இணைப்பில். இணைப்பு முழுக்க அவன் கையால் முடுக்கியது. ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப்பார்த்தான். ஒன்று விரலுக்குக் கால் சுற்று அசைந்தது. அதோடு உட்கார்ந்துவிட்டான்.

அம்மா யாகூப்போடு வந்தாள். அப்புறம் சனம் வந்தது. தாடையைக் கட்டினார்கள், தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். கேதம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் "இன்னைக்குக் கரண்டு இல்லீங்களே?" என்று தொடங்கி, அலமாரியைப் பார்த்து, அவனைப் பார்த்து, நல்ல மனிதர்களாக அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். வாசலில் ஜெனரேட்டர் சும்மா நின்றது. யாகூப் அதன்மேல் ஒரு துணியை எடுத்துப் போர்த்தினார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு மணிக்குமேல் அவனால் முடியவில்லை. அடுப்படியில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான்.

"அம்மா, மிஷின் நின்னுதான் அப்பா போயிருக்காரு. என்னோட வயரிங்தான்."

சென்னியம்மாள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. அவன் சொன்னது அவளுக்குப் புரியவேயில்லை.

"அது எங்க நின்னுச்சு? நாந்தான் அமத்திப்போட்டேன்."

"என்ன?"

"ஒன்னேகாலுக்கு ஒரு மூச்சு இழுத்தாரு கண்ணு, அடுத்தது வரல. நெஞ்சுல கைய வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். மூக்குல காத்து மட்டும் அடிச்சுட்டே கெடந்துச்சு. நீ வெயில்ல நின்னு சேத்துவெச்சது, சும்மா போகுதேன்னு அமத்திப்போட்டேன்."

"என்னையக் கூப்பிட்டிருக்கலாமில்லம்மா."

"நீ கூரமேல நின்னுட்டிருந்தே. சொன்னா பதறி உழுந்துபோடுவே. அதுதான் ஏணியப் புடிக்க யாகூப்பக் கூப்பிடப் போனேன். வாரதுக்குள்ள நீயே எறங்கிட்டே."

சுரேந்தர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பார்க்க எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் முடிவுக்கு வர முடியாமல் போய்விட்டாள். சென்னியம்மாள் அவன் தலையிலிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டாள்.

"பெங்களூருலிருந்து உந்தங்கச்சி ரித்திகா வாரதுக்குப் பொழுதாயிரும். ஐஸ் பொட்டி வந்துருச்சு. மிச்சம் இருக்கறதுல ஓடுமா?"

"ஓடும்மா," என்றான். எழுந்துபோய் வீட்டு லைனைக் கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் பேட்டரியில் மாட்டினான்.

ஓடியது. நாலு மணிக்கு முப்பத்தேழு இருந்தது.

சொன்ன நேரத்துக்குக் கரண்ட் வந்தது. யார் யாரோ கைபட்டுப் போட்டுவைத்திருந்த லைட்டும் ஃபேனும் வீடு முழுக்க ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. பெட்டியின் பிளக்கை மாற்றிவிட்டு சுரேந்தர் எழுந்தான். சனமெல்லாம் வாசலில் இருந்தது. அடுப்படி லைட்டை அணைத்தான். பாத்ரூம் லைட்டை அணைத்தான். அப்பாவின் ரூமில் வெறுங்கட்டிலுக்குமேல் ஃபேன் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் அணைத்தான். இறக்கைகள் உடனே நிற்கவில்லை. நிற்கும்வரை அவன் அங்கேயே நின்றான்.