ரேகை விழாத விரல்

கொத்தனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளங்கையில் எண்ணெய் பூசிக்கொண்டு சும்மா உட்கார்வதும் ஒரு பிழைப்பா? எழுந்தார், கூடத்தைச் சுற்றினார், மறுபடி உட்கார்ந்தார்.

எல்லாம் மருமகளால் வந்தது. மகன் தவறிய பிறகு ஆலையில் நின்று நின்று கால் வீங்கிப்போனவள், இனி வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உரிமம் வாங்குகிறாள். முதலுதவிப் பயிற்சிக்குப் போய் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். மருத்துவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி, அந்த வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் கைரேகை கொடுக்க வேண்டும். எல்லாரும் என்றால் அவளும் அவரும்தான். பிள்ளைகளை விடுவதாகச் சொன்னவர்கள் மாதக் கடைசிவரைதான் பொறுப்பார்களாம்.

"திருடன் கொடுக்கிறதை நான் ஏன் கொடுக்கணும்?" என்று முதலில் முறுக்கிக்கொண்டார்.

"திருடன் இல்லேன்னு காட்டத்தான் மாமா."

"நான் சொன்னா போதாதா?"

"எனக்குப் போதும். அவங்களுக்குப் போதாதே."

முணுமுணுத்துக்கொண்டே கைரேகை அலுவலகத்துக்குப் போனார். அங்கே கைரேகை எடுக்கும் பெண் அவர் விரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள், துடைத்தாள், மறுபடி அழுத்தினாள். "பெரியவரே, உங்க விரல்ல ரேகையே விழலியே."

"நல்லாப் பாரும்மா. பொறக்கும்போது இருந்துச்சு."

ஆயுசு முழுக்கக் குழைத்த சிமெண்ட் தின்றுவிட்டிருந்தது. கொஞ்ச நாள் சிமெண்டைத் தொடாமல் எண்ணெய் பூசிக்கொண்டு வரச் சொன்னாள். கொடுக்கமாட்டேன் என்று நின்றவருக்கு, உன்னிடம் இல்லை என்றதும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மெஷினில்தான் கோளாறு என்று வழியெல்லாம் திட்டினார்.

அன்றிலிருந்து இந்தச் சிறைவாசம். அடுப்படிப் படியில் ஓரம் பெயர்ந்து பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. தவழுகிற பிள்ளை கையை வைத்தால் கிழித்துவிடும். உரிமத்துக்காக வீட்டைச் சோதிக்க ஆள் வருவதற்குள் வேறு கொத்தனாரை வைத்துப் பூசிவிடலாம் என்று மருமகள் சொன்னாள். வேறு கொத்தனார். இவர் வீட்டில். சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு. எவனோ வந்து மணலை அள்ளிக் கொட்டி, சிமெண்டைக் காட்டிவிட்டுப் போவான். பிள்ளைகள் புழங்குகிற இடத்தில் ஊரான் வேலையை எப்படி நம்புவது?

கைரேகைக்கு மறுபடி போக வேண்டிய நாளுக்கு முதல் நாள், அவள் ஆலைக்குக் கிளம்பிய கையோடு எழுந்துவிட்டார்.

சாயங்காலம் வந்தவள் படியைப் பார்த்தாள். வழவழவென்று, முனை மழுங்கி, பார்க்கவே குளுமையாக இருந்தது. பிறகு அவர் விரல்களைப் பார்த்தாள். வெளுத்து வெடித்துக் கிடந்தன.

"பூச்சுக் கரண்டியை ஒளிச்சுத்தானே வச்சேன்?"

"அதான் கையாலயே பூசினேன்."

அவள் திட்டியிருந்தாலும் தேவலை. கைப்பையை மாட்டிவிட்டு அரிசி களையப் போனாள். கொத்தனார் இரவெல்லாம் எண்ணெயைத் தேய்த்தபடி புரண்டார்.

காலையில் போனார்கள். அதே பெண், அதே கண்ணாடி. பத்து விரலையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மருமகள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டாம் தடவையும் விழலேன்னா பேரை வச்சே போலீஸ்ல விசாரிச்சிருவாங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள பதில் வந்துரும்" என்றாள் அந்தப் பெண்.

மருமகள் பெருமூச்சு விட்டாள். கொத்தனாருக்குத்தான் ஆறவில்லை. "அதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்? நான் பாட்டுக்குக் கரண்டியாலயே பூசியிருப்பேனே."

"வாங்க மாமா, போவோம்."

வாசல்வரை வந்தவர் சட்டென்று நின்றார். "ஏம்மா, என் பேரு ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. அதுல எவனாவது களவாணிப் பயலா இருந்தா?"

அவள் பதில் சொல்வதற்குள் விறுவிறுவென்று உள்ளே திரும்பிப் போனார், அப்பன் பேரையும் பாட்டன் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வர.