வெள்ளிப் பெயிண்ட்

நேற்றுவரை கணீரென்று பேசிய என் ஆன்டெனா இன்று காலை ஊமையாகிவிட்டது. ஹூஸ்டன் சோதனை அறையில் விண்கலத்தை இடப்பக்கம் திருப்பினால் சிக்னல் படுத்துவிடுகிறது.

"லொரெய்ன், சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா கழட்டிடு. பழசையே மாட்டிடலாம்" என்றார் மேலதிகாரி ஹார்லன்.

"பழசா? பூமிக்குத் திரும்புறப்ப கலம் உருண்டா அதுல பேச்சு அறுந்துடும். உள்ள இருக்கிறவங்க கத்தினாலும் நமக்குக் கேக்காது. அதுக்குத்தானே இத்தனை வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டேன்?"

அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். இணைப்புகளையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் வேட் வந்தான். என் பழைய நண்பன். இந்தக் கலத்தை ஓட்டப்போகிறவன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது.

"ஆன்டெனா மூடி மேல கலத்தோட பேரு இருக்கே, அது மங்கலா இருந்துச்சு. நேத்து நான்தான் பளிச்சுன்னு எழுதினேன். வெள்ளிப் பெயிண்ட்ல."

அந்தப் பெயரைக் காலையில் நானும் பார்த்தேன். கலத்துக்குப் பெயர் எழுதுவது வழக்கம்தானே என்று கண்டுகொள்ளவில்லை.

"அடப்பாவி! அதுல அலுமினியத் தூள்டா! ஆன்டெனா வாயில தகரத்தை அடிச்சு வச்சிருக்கே!"

இருவரும் உட்கார்ந்து துடைத்தோம். சிக்னல் எழுந்து நின்றது.

"ஹார்லன்கிட்ட சொல்லாதே. அனுமதியில்லாம கலத்தைத் தொட்டேன்னு உன்னைப் பயணத்துலேர்ந்து தூக்கிடுவாங்க" என்றேன்.

"கோளாறுக்குக் காரணத்தைச் சொல்லலேன்னா உன் ஆன்டெனாவை யாரு நம்புவா? என் இடத்துல எவன் போனாலும் அவன் குரல் கீழ கேக்கணும்ல?"

போய்ச் சொன்னான். ஆன்டெனா கலத்தில் தங்கியது. வேட்டின் இருக்கை மாற்று வீராங்கனை மாரனுக்குப் போனது.

கலம் திரும்பிய அன்று, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வீரர்களோடு பேசும் பொறுப்பு வேட்டுக்கு. நான் அவன் பக்கத்தில் இருந்தேன். இறங்கும் வழியில் கலம் உருளத் தொடங்கியது.

"ஹூஸ்டன், உருளுது. நான் பேசுறது கேக்குதா?" மாரனின் குரல் ஒரு சொல்கூட உடையாமல் வந்தது.

"நல்லாக் கேக்குது மாரன். பதறாதே. இடப்பக்கத்துச் சின்ன எஞ்சினை மட்டும் போடு."

அவள் போட்டாள். உருளல் நின்றது. பெருமூச்சு விடும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது.

நான் வேட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் நிற்கவில்லை. "உனக்கு எப்படிடா நன்றி சொல்லுவேன்" என்றேன்.

"ஷ்ஷ், சும்மா இரு" என்றான். "அவ பேசுறா."