மூச்சு விடாத தளம்

ஏவுகணைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்த யாரும் அதன்பிறகு மூச்சு விடவில்லை. சேரும் நாளில் வலது கையை உயர்த்தி, "இங்கே நடப்பதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடமாட்டேன்" என்று உறுதி சொல்ல வேண்டும். சொன்ன கையோடு மூச்சு நின்றுவிடும். பேச்சு மட்டும் எப்படியோ வந்தது. ராணுவத்தில் அதற்கெல்லாம் விளக்கம் கேட்பதில்லை. புதிதாக வந்த மருத்துவர் முதல் வாரத்திலேயே மூன்று பேர் இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்; மூவரும் மறுநாள் வேலைக்கு வந்தார்கள். தளத்து வாத்தியக் குழு ஊதுகிறவற்றையெல்லாம் பெட்டியில் பூட்டிவிட்டு மேளங்களோடு காலம் தள்ளியது.

தினமும் காலையில் வாசல் காவலர் ஒவ்வொருவர் மூக்கின் கீழும் ஒரு கண்ணாடியைப் பிடிப்பார். கண்ணாடி மங்கினால் அந்த ஆள் எங்கோ ரகசியத்தைக் கொட்டிவிட்டார் என்று அர்த்தம். ஒரு சமையல்காரரும் ஒரு ஓட்டுநரும் அப்படிப் பிடிபட்டார்கள். அவர்களை ஏற்றிப்போன வண்டி திரும்பி வந்தது, அவர்கள் வரவில்லை.

எரிபொருள் பிரிவுக்காரரின் மனைவி, கல்யாணமான புதிதில் தூங்கும் கணவரின் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். பிறகு பழகிப்போய், குறட்டைக்காரர்கள் வாய்த்த தங்கைகளிடம் பெருமையே பேசினாள். மகள் கைக்குழந்தையோடு தளத்து வேலியை ஒட்டிய தெருவில் வீடு பார்த்தபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தக் கிணத்துக்குள்ள இருக்கிறது வெடிச்சா அந்தத் தெரு மிஞ்சுமா?"

"எந்தக் கிணறு?"

"ஏவுகணைய கிணறு வெட்டி நிறுத்தியிருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும். உங்கம்மா உங்களைப் பெத்தாங்களா, பூட்டு வாங்கி மாட்டினாங்களா? பேத்திக்காகக்கூட வாய் திறக்கமாட்டீங்களா?"

அவர் கை கழுவினார். துடைத்தார். மறுபடியும் போய்க் கழுவினார்.

"அதுல ஒண்ணுமே இல்லடி. மூடி மட்டும்தான் வந்துச்சு. இத்தனை வருஷமா அதுக்குத்தான் எண்ணெய் போட்டுட்டிருக்கேன். வீட்டைப் பிடிக்கச் சொல்லு."

சொல்லி முடித்ததும் அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. "ஐயோ, அடக்குங்க! நாளைக்குக் கண்ணாடி பிடிப்பானே!" என்று அவள் அவர் வாயைப் பொத்தினாள். மூக்கு வழியாக வந்தது.

மறுநாள் தெருமுனையிலிருந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். தன் முறை வந்தபோது முடியவில்லை. கண்ணாடி மங்கியது. காவலர் கண்ணாடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சட்டைக் கையால் துடைத்தார்.

"இன்னைக்குப் பனி ஜாஸ்தி அண்ணே. போங்க."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காவலரின் சட்டைப் பொத்தான்கள் மெல்ல ஏறி இறங்குவதை அப்போதுதான் அவர் கவனித்தார்.

மகள் குடிவந்தாள். அடுத்த சில ஆண்டுகளில் தளத்தில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவரிடம் சொன்னார்கள். காவலருக்குத் துடைக்க நல்ல துணி ஒன்று வழங்கப்பட்டது. அத்தனை காலம் அடக்கிய மூச்செல்லாம் வெளியே வந்து தளத்தின் மேல் மூடுபனியாகப் படிந்தது, கோடையிலும் கலையவில்லை. வானத்திலிருந்து பார்த்தால் கிணற்று மூடிகூடத் தெரியவில்லை. இவ்வளவு சிறப்பாக மறைத்ததற்காகத் தலைமையகம் தளபதியைப் பாராட்டியது. அவரும் பெருமூச்சு விட்டபடி ஏற்றுக்கொண்டார். அந்தத் தெருக்காரர்கள் இப்போது துணிகளைக் கொல்லைப் பக்கம் காயப்போடுகிறார்கள். வேலிப் பக்கம் காய்வதில்லை.